அந்த வரியை எழுதியது யார்?

பாரிஸ் லாச்சப்பலில் ஒரு தமிழ்க் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முருங்கைக்காய், கறிவேப்பிலை, பாகற்காய், கருவாடு எல்லாம் விற்கும் கடை. விமானத்தில் வரும் மரக்கறியின் கொள்முதல் விலை வாரத்துக்கு வாரம் மாறும். முதலாளி ஒரு கணினிக் கோப்பில் பொருளின் பெயரையும் கொள்முதல் விலையையும் எழுதி, பக்கத்துக் கட்டத்தில் விற்கும் விலையை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் எழுதி வைக்கிறார். முருங்கைக்காய்க்கு எதிரே இருப்பது இது:

கொள்முதல் * 1.3 * 1.055

முப்பது வீதம் இலாபம், அதன்மேல் பிரான்சில் உணவுப் பொருள்களுக்கான 5.5 வீத வற் வரி. பியருக்கு எதிரே உள்ள வரியில் 1.055 இருக்காது, 1.20 இருக்கும். மதுவுக்கு வரி 20 வீதம். ஒவ்வொரு பொருளுக்கும் கணக்கு வேறு, அது அடிக்கடி மாறவும் செய்யும்.

இந்தக் கோப்பை வாசித்து, அலுமாரித் தட்டில் ஒட்டும் விலைச் சீட்டுகளை அச்சிட ஒரு சிறு நிரல் வேண்டும். கல்லாப்பெட்டி மென்பொருளை யாரும் வீட்டில் எழுதிவிட முடியாது. 2018 ஜனவரி முதல் அதற்குப் பிரெஞ்சு அரசு கடுமையான விதிகளை வைத்திருக்கிறது. விலைச் சீட்டுக்கு அந்தத் தடை இல்லை. முதலாளியின் மருமகன் பைதான் மொழியில் அந்த நிரலை எழுதுகிறான். அவனுக்கு முன்னால் இருக்கும் சிக்கல் ஒன்றுதான். கோப்பில் இருப்பது எழுத்து, அவனுக்கு வேண்டியது எண். முதலாளி நாளை என்ன கணக்கு எழுதுவார் என்று நிரல் எழுதும்போது அவனுக்குத் தெரியாது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த எழுத்து கணக்காக வேண்டும்.

பைதானில் அதற்கு ஒரே சொல்லில் விடை இருக்கிறது: இவால். ஓர் எழுத்துச் சரத்தைக் கொடுத்தால், அதைப் பைதான் நிரலாகவே வாசித்து, கணித்து, விடையைத் திருப்பித் தரும். ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, பெர்ல், ரூபி என்று ஸ்கிரிப்ட் மொழிகள் பலவற்றிலும் இதே பெயரில் இதே வசதி உண்டு.

“மாமா, நீங்கள் அந்தக் கட்டத்துக்குள்ள என்னத்தை எழுதினாலும் அது கணக்குப் பார்த்துத் தரும்.”

“என்னத்தை எழுதினாலுமோ, தம்பி?”

மாமாவின் கேள்விதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. அதற்கு விடை சொல்வதற்கு முன் இவாலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

“2 + 3 * 4” என்ற சரம் வருகிறது. கணினிக்கு அது முதலில் வெறும் எழுத்துகளின் வரிசை. மொழியின் வாசிப்பான் அதை 2, கூட்டல் குறி, 3, பெருக்கல் குறி, 4 என்று துண்டுகளாக வெட்டுகிறது. இடைவெளிகள் உதிர்ந்துவிடும். அடுத்து, இலக்கண விதிப்படி துண்டுகளைக் கொண்டு ஒரு மரம் கட்டுகிறது. பெருக்கல் கூட்டலைவிட இறுக்கமாகப் பிடிக்கும் என்பது விதி. ஆகவே உச்சியில் கூட்டல் நிற்கும், அதன் இடக்கிளையில் 2, வலக்கிளையில் பெருக்கல், பெருக்கலின் கீழே 3-உம் 4-உம். மரத்தின் அடியிலிருந்து மேலே ஏறினால் 12, பிறகு 14. உண்மையில் பைதான் இந்த மரத்தை ஒரு இடைநிலைக் கட்டளைத் தொகுப்பாக மாற்றிய பிறகே ஓட்டுகிறது. என்றாலும் மரம் என்ற படத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றவை விளங்கிவிடும்.

எண்கள் மட்டும் இருந்தால் கதை இத்தோடு முடிந்துவிடும். “கொள்முதல்” என்ற பெயர் வந்தால்? அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு என்று தேட ஓர் இடம் வேண்டும். பெயர்களும் அவற்றின் மதிப்புகளும் அடங்கிய அகராதி ஒன்றை இவாலுக்குக் கூடவே கொடுக்கலாம். கொடுக்காவிட்டால், அந்த நேரத்தில் நிரலில் கண்ணுக்குப் படும் எல்லாப் பெயர்களும் அந்த வரிக்கும் கண்ணில் படும். இதைப் பலர் கவனிப்பதில்லை. நிரல் எழுதியவன் தன் வசதிக்காக வைத்திருக்கும் கோப்பின் பெயர், கடவுச்சொல் என எதையும் கோப்பில் உள்ள ஒரு வரி எடுத்துப் பார்க்கலாம்.

தமிழ்ப் பெயரை நிரலில் பயன்படுத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும். 2008-இல் வந்த பைதான் 3 முதல் எந்த மொழி எழுத்திலும் பெயர் வைக்கலாம். ஆனால் தமிழுக்கு ஒரு நுட்பமான கண்ணி இருக்கிறது. “கொ” என்பதில் உள்ள கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரு குறிகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைதான், நிரல் வரியில் வரும் பெயர்களை வாசிக்கும்போது ஒரே குறியாக ஒழுங்குபடுத்திக்கொள்ளும். ஆனால் நாம் கொடுத்த அகராதியில் உள்ள பெயரைத் தொடாது. கோப்பின் தலைப்பு வரியிலிருந்து எடுத்த “கொள்முதல்” இரு குறிகளாக இருந்தால், கண்ணுக்கு முன்னால் பெயர் இருக்கும்போதே, அப்படி ஒரு பெயர் இல்லை என்று பைதான் சொல்லும். தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் பிழை இது. அகராதியில் போடுவதற்கு முன் பெயரையும் அதே முறையில் ஒழுங்குபடுத்தினால் சரியாகிவிடும்.

சரி, எண்களுக்கு வருவோம். பாரிஸில் வாழ்பவர் விலையை எப்படி எழுதுவார்? மூன்று யூரோ ஐம்பது சதத்தை 3,50 என்று கமா வைத்துத்தான் எழுதுவார். பிரெஞ்சு வழக்கம் அது. பள்ளிக்கூடத்திலும் வங்கியிலும் மின்சாரக் கட்டணச் சீட்டிலும் அப்படித்தான். இப்போது இவாலிடம் “3,50 * 2” என்று கொடுத்துப் பாருங்கள். ஏழு வராது, பிழைச் செய்தியும் வராது. (3, 100) என்று வரும். பைதானுக்குக் கமா என்பது இரண்டு பொருள்களை ஒரு சோடியாகக் கட்டும் குறி. மூன்று ஒரு பக்கம் நிற்கிறது, ஐம்பது இரண்டால் பெருகி நூறாகி மறுபக்கம் நிற்கிறது. “3,50” என்பதை மட்டும் இவாலில் போட்டு, வந்த விடையை நிரலில் இரண்டால் பெருக்கினால் (3, 50, 3, 50) வரும், ஏனென்றால் சோடியைப் பெருக்குவது அதைத் திரும்பத் திரும்ப அடுக்குவது. ஊர்ப் பழக்கத்தில் ஆயிரத்து இருநூறை 1,200 என்று எழுதினாலும் இதே கதைதான், ஒன்றும் இருநூறும் சோடியாகிவிடும்.

இதைவிட மோசமானது, இந்தப் பிழை எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது என்பது. “3,50” சத்தமில்லாமல் கடந்துபோகும். “3,05” கொடுத்தால் பைதான் உடனே நின்றுவிடும், ஏனென்றால் சுழியத்தில் தொடங்கும் 05 என்ற எண்ணை பைதான் 3 ஏற்பதில்லை. ஆக, சோதனை பார்த்தவர் கையில் அகப்பட்ட விலையைப் பொறுத்து நிரல் சரியென்றோ பிழையென்றோ தோன்றும்.

கடைக்காரர் கையில் உள்ள கணிப்பானில் 80 − 10 % என்று அழுத்தினால் 72 வரும். பைதானில் சதவீதக் குறி மீதியைக் காண்பது. “80 - 10 %” இலக்கணப் பிழை, “200 % 30” என்றால் 20. இரண்டின் மூன்றாம் அடுக்கு என்று நினைத்து “2^3” எழுதினால் 8 வராது, 1 வரும், அந்தக் குறி பைதானில் இரும எண்களின் பிட்டுகளை ஒப்பிடுவது. கைப்பேசியில் தட்டும் × குறியை அது அறியாது. தமிழ் இலக்கங்களில் ஒரு விசித்திரம் இருக்கிறது. “௩” என்ற சரத்தை முழு எண்ணாக மாற்று என்று பைதானிடம் கேட்டால் 3 என்று சரியாகத் தரும். “௩ + ௪” என்று இவாலுக்குக் கொடுத்தால் இலக்கணப் பிழை என்று தள்ளிவிடும். எண்ணை வாசிக்கும் கதவு பல மொழிகளின் இலக்கங்களுக்கும் திறந்திருக்கிறது, நிரலை வாசிக்கும் கதவு 0 முதல் 9 வரைக்கும் மட்டுமே. காசுக் கணக்கில் இன்னொன்றும் உண்டு: “1.1 * 3” என்றால் 3.3000000000000003. கணினி பின்னங்களை இரும முறையில் வைப்பதால் வரும் இந்த எச்சத்தை விலைச் சீட்டில் யாரும் பார்க்க விரும்பமாட்டார்கள்.

இவ்வளவும் சொல்வது ஒரு காரணத்துக்காக. இவாலைக் கணிப்பான் என்று நினைத்துப் பயன்படுத்துகிறவர்கள்தான் அதிகம். அது கணிப்பான் அல்ல. அது முழுப் பைதான் மொழி. கணக்கு என்பது அந்த மொழியின் ஒரு சிறு மூலை.

இப்போது மாமாவின் கேள்விக்கு விடை சொல்லலாம். ஆம், என்னத்தை எழுதினாலும். “முருங்கைக்காய்” வரிசையில் விலைக் கணக்குக்குப் பதிலாக, இயங்குதளத்தை இயக்கும் தொகுதியை இழுத்து வந்து, ஒரு கோப்புறையையே அழி என்று ஒரே வரியில் எழுதலாம். பைதானில் அது இலக்கணப்படி விடை தரும் ஒரு கோவைதான், கூட்டல் கணக்கைப் போலவே. இவால் அதையும் கணித்து விடையைத் தரும், அதற்குள் கோப்புறை போயிருக்கும். கோப்பை வாசித்து உள்ளடக்கத்தை வெளியே அனுப்பு என்றும் எழுதலாம். ஒரு பொருளின் விலையை மட்டும் கேட்டு வந்தவர் கையில் கடையின் சாவிக்கொத்தையே கொடுப்பது இது.

மாமா அப்படி எழுதமாட்டார், உண்மைதான். ஆனால் கோப்பு மாமாவின் கையிலேயே இருக்கப்போகிறதா? மொத்த வியாபாரி மின்னஞ்சலில் அனுப்பும் பட்டியலை அப்படியே ஒட்டுவார்கள். அடுத்த வருடம் வாடிக்கையாளர் இணையத்தில் நிறையைத் தட்டி விலை பார்க்கும் படிவம் ஒன்று வைப்பார்கள். மருமகன் படிப்பு முடிந்து வேறு வேலைக்குப் போயிருப்பான். நிரலின் நடுவில் அந்த ஒரு சொல் மட்டும் அப்படியே இருக்கும். இவால் இருக்கும் நிரலைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது, இது வேகமா, அழகா என்பதல்ல. இந்தச் சரத்தை எழுதியவர் யார், அது இங்கே வந்துசேரும் வழியில் வேறு யார் கை பட்டிருக்கலாம் என்பதைத்தான்.

பைதானை உருவாக்கியவர்களே இந்தக் குழிக்குள் ஒரு காலம் நின்றிருக்கிறார்கள். பைதான் 2-இல் பயனரிடம் ஒரு மதிப்பைக் கேட்கும் “இன்புட்” என்ற கட்டளை, அவர் தட்டியதை எழுத்தாக எடுத்துக்கொள்ளாது, இவால் செய்துதான் தரும். வயதைத் தட்டுங்கள் என்று கேட்கும் தொடக்கநிலை மாணவனின் நிரல்கூட, எதிரே உட்கார்ந்திருப்பவர் எழுதும் எந்தப் பைதான் கோவையையும் ஓட்டும் நிரலாக இருந்தது. பைதான் 3-இல் அதை மாற்றி, வருவதை எழுத்தாகவே தரச் செய்தார்கள். ஜாவாஸ்கிரிப்டிலும் ஜேசன் வடிவில் வரும் தரவை வாசிக்க இவாலையே நீண்டகாலம் பயன்படுத்தினார்கள். தரவை மட்டும் வாசிக்கும் தனி வசதி அந்த மொழியின் தரநிலையில் சேர்ந்தது 2009-இல்தான்.

பெரிய விபத்துகளுக்கும் இதே வேர்தான். 2014 செப்டம்பரில் ஸ்தெஃபான் ஷாசலா என்ற பிரெஞ்சுக்காரர் பாஷ் என்னும் கட்டளை மொழியில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள மொழி அது. சூழல் மாறிகள் என்ற பெயரில் ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் சிறு குறிப்புகளில், சார்பு வரையறைபோல் தெரிவதை பாஷ் தொடங்கும்போதே மதிப்பிடும். வரையறை முடிந்த இடத்தில் நிற்க வேண்டியது, நிற்காமல் அதற்குப் பின்னால் ஒட்டியிருந்த கட்டளைகளையும் ஓட்டியது. பழைய முறையில் இயங்கிய இணையச் சேவையகங்கள், வருகிறவரின் உலாவி தன் பெயராகச் சொல்லும் எழுத்தை அத்தகைய மாறியில்தான் வைக்கும். ஆக, உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் தன் உலாவியின் பெயர் என்று சொல்லி ஒரு கட்டளையை அனுப்பினால் அது சேவையகத்தில் ஓடியது. ஷெல்ஷாக் என்று பெயர் பெற்ற இந்த ஓட்டை 1989 முதல் அங்கே இருந்திருக்கிறது. கால் நூற்றாண்டு.

2017-இல் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான எக்விஃபாக்ஸிலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. நுழைவாயில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற இணைய மென்பொருள். வரும் கோரிக்கையின் தலைப்பில் தவறான ஒன்று இருந்தால் அது ஒரு பிழைச் செய்தி தயாரிக்கும். அந்தச் செய்திக்குள் தவறான பகுதியை அப்படியே சேர்த்து, பிறகு முழுச் செய்தியையும் கோவை மொழி ஒன்றால் மதிப்பிட்டது. தவறான பகுதியையே கோவையாக எழுதி அனுப்பினால் போதும். திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்துவிட்டது, நிறுவனம் அதைப் போடவில்லை. மே மாதத்தில் திருட்டுத் தொடங்கியது. பிழைச் செய்தியை அழகாகக் காட்டப் போய் வந்த வினை என்பதை நினைக்கும்போது, எழுத்தை மதிப்பிடும் இடங்கள் நிரலில் எங்கெல்லாம் ஒளிந்திருக்கின்றன என்று தேட வேண்டியதன் அவசரம் புரியும்.

சரி, இவாலைக் கட்டிப்போட்டுப் பயன்படுத்த முடியாதா? பலரும் முதலில் செய்வது வெற்று அகராதியைக் கொடுப்பது. பெயரே இல்லாவிட்டால் எதை அழைக்க முடியும் என்று எண்ணம். ஆனால் அகராதி வெற்றாக இருந்தால் பைதான் தன் உள்ளமை வசதிகள் அனைத்தையும் தானே அதில் சேர்த்துவிடும். அதையும் வெளிப்படையாக அடைத்தாலும் வழி உண்டு. வெற்று அடைப்புக்குறி ஒன்று போதும். அது ஒரு வெற்றுச் சோடி, அதற்கு ஒரு வகை இருக்கிறது, வகைக்கு மூதாதை இருக்கிறது, மூதாதையிடம் அதன் பிள்ளைகள் யார் யார் என்று கேட்கலாம். நிரலில் ஏற்றப்பட்டுள்ள பல வகைகளும் வரிசையில் வந்து நிற்கும். அவற்றில் ஒன்று இயங்குதளத்தைத் தொடும் வழியை வைத்திருக்கும். பெயர் ஒன்றும் தேவையில்லை, புள்ளிகள் போதும். சில சொற்கள் வந்தால் தடுப்பது என்று வடிகட்டி வைப்பவர்களும் உண்டு. சரத்தைத் துண்டுதுண்டாக ஒட்டிச் சொல்லை உருவாக்கினால் வடிகட்டி ஏமாந்துபோகும்.

எல்லாவற்றையும் அடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும், வெறும் எண்களே கணினியை முடக்கும். “9**9**9” என்பது ஒன்பதின் அடுக்கின் அடுக்கு. ஏழே எழுத்துகள். அதன் விடையில் 36 கோடியே 96 லட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் இருக்கும். விலைச் சீட்டு வரும் வரை காத்திருக்க முடியாது.

இலக்கண மரங்களைக் கையாளும் பைதானின் ஏஎஸ்டி தொகுதியில் லிட்டரல்-இவால் என்ற பாதுகாப்பான தம்பி ஒருவர் இருக்கிறார். எண், எழுத்துச் சரம், பட்டியல், அகராதி போன்றவற்றை எழுதியபடியே வாசித்துத் தருவார், எதையும் அழைக்கமாட்டார். அமைப்புக் கோப்புகளை வாசிக்க நல்லவர். ஆனால் “2 + 3” கொடுத்தால் மறுத்துவிடுவார், அவருக்குக் கணக்குத் தெரியாது. நம் கடைக்கு அவர் போதாது.

நம் கடைக்கு வேண்டியதை நாமே எழுத வேண்டும், அது நினைப்பதைவிட எளிது. கடினமான பாதியைப் பைதானே செய்து தரும். சரத்தைக் கொடுத்து, ஓட்டாதே, மரத்தை மட்டும் கட்டித் தா என்று ஏஎஸ்டி தொகுதியிடம் கேட்கலாம். மரம் கையில் வந்த பிறகு அதன்மேல் ஏறும் வேலை நம்முடையது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

மதிப்பிடு (கிளை):
கிளை ஓர் எண் என்றால், அந்த எண்ணையே தா.
கிளை ஒரு பெயர் என்றால், நம் பட்டியலில் தேடு. இருந்தால் மதிப்பைத் தா, இல்லாவிட்டால் நிறுத்து.
கிளை கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்றால், இடக்கிளையை மதிப்பிடு, வலக்கிளையை மதிப்பிடு, இரண்டையும் சேர்த்து விடை தா.
வேறு எதுவாக இருந்தாலும் நிறுத்து.

மூன்றாவது விதியைக் கவனியுங்கள். மதிப்பிடும் வேலை தன்னைத் தானே அழைக்கிறது. மரம் எவ்வளவு கிளைத்தாலும் இந்த நாலு விதிகள் போதும். கடைசி விதிதான் காவல். எதைத் தடுப்பது என்று பட்டியல் போடாமல், எதை அனுமதிப்பது என்று மட்டும் சொல்லி, மற்ற எல்லாவற்றையும் மறுக்கிறோம். புள்ளி வைத்து வகைகளைத் தேடும் வழி அனுமதியில் இல்லை, அடுக்குக் குறி இல்லை, சார்பை அழைப்பது இல்லை. இவால் விழுங்கிவிட்ட “3,50”-உம் இங்கே மாட்டிக்கொள்ளும். மரத்தில் அது சோடி என்ற கிளையாக வரும், சோடி நம் பட்டியலில் இல்லை, நிரல் நின்றுவிடும். அப்போது எந்தப் பொருளின் வரி, என்ன எழுதியிருந்தது என்று சொல்லும் செய்தியையும் காட்டலாம். எண்ணைத் தரும் முதல் விதியிலேயே அதைப் பதின்மப் பின்ன வகைக்கு மாற்றி, கடைசியில் சதத்துக்கு முழுமைப்படுத்தினால் 3.3000000000000003 தொல்லையும் தீர்ந்தது. சரத்தின் நீளத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள், விலைக் கணக்குக்கு நூறு எழுத்துக்கு மேல் தேவைப்படாது. பைதானில் இருபது முப்பது வரிக்குள் அடங்கும் வேலை.

இந்த நாலு விதிகளுக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. எம்ஐடியில் 1958-இல் லிஸ்ப் மொழியைத் தொடங்கிய ஜான் மெக்கார்த்தி, 1960-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு மொழியின் கோவைகளை மதிப்பிடும் சார்பை அந்த மொழியிலேயே எழுதிக் காட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் இவால். தாளில் வைத்து விளக்குவதற்காக அவர் எழுதியது அது. அவரோடு வேலை செய்த ஸ்டீவ் ரஸ்ஸல் அதைப் பார்த்து, இதை அப்படியே ஐபிஎம் 704 இயந்திரத்தின் கட்டளைகளாக மாற்றிவிடலாமே என்றார். கோட்பாட்டையும் நடைமுறையையும் குழப்புகிறாய் என்று மெக்கார்த்தி மறுத்தார். ரஸ்ஸல் கேட்கவில்லை, செய்து முடித்தார். அன்றே லிஸ்ப் ஓடும் மொழியானது.

அந்த மரபின் பிரெஞ்சுக் கிளை ஒன்று லாச்சப்பலிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில் இருக்கிறது. கார் து நோர் நிலையத்தில் ஆர்இஆர் டி ரயில் ஏறினால் வடக்கே பியர்ஃபித்-சூர்-செய்ன் வரும். தமிழர்கள் வாழும் புறநகர்களில் ஒன்று, 2025 ஜனவரி முதல் நிர்வாகத்தில் சென்-தெனியோடு இணைந்துவிட்டது. பிரான்சின் தேசிய ஆவணக் காப்பகத்தின் பெரிய கட்டடம் 2013-இல் இங்கேதான் திறக்கப்பட்டது. அதற்கருகே மெட்ரோ 13-ஆம் தடத்தின் கடைசி நிறுத்தம், நிறுத்தத்தின் வாசலில் பாரிஸ் 8 பல்கலைக்கழகம். 1968-க்குப் பிறகு வான்சென் காட்டில் தொடங்கி, பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாத தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்ட அந்தப் பல்கலைக்கழகம் 1980-இல் இங்கே இடம்பெயர்க்கப்பட்டது. வான்சென் நாள்களில், 1970-களில், பத்ரிக் கிரெசே அங்கே விலிஸ்ப் என்ற லிஸ்பை உருவாக்கினார். பெயரில் உள்ள முதல் எழுத்து வான்சென்னுக்காக. அவரைச் சூழ்ந்து வேலை செய்தவர்களில் ஒருவரான ஜெரோம் ஷாயூ பின்னர் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் ல-லிஸ்ப் என்ற மொழியை எழுதினார். மதிப்பிடும் எந்திரத்தைத் தாமே எழுதிப் பார்த்து மொழியைக் கற்ற ஒரு தலைமுறை அது. நம் பிள்ளைகள் கணினி படிக்கப் போகும்போது இந்தப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது என்று மனமார விரும்புகிறேன். ஒரு மொழியைப் பயன்படுத்துகிறவருக்கும் அதை அறிந்தவருக்கும் உள்ள இடைவெளி இந்த நாலு விதிகளில் கடக்கப்படுகிறது.

தமிழிலும் அதற்கு வழி திறந்திருக்கிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் நிரல் எழுதுவது தமிழ்ச் சொற்களால். அதைப் பற்றி அவர் 2009-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். எழிலின் மதிப்பிடும் எந்திரம் பைதானில் எழுதப்பட்டது, மூலநிரல் திறந்தே கிடக்கிறது. மரத்தைக் கட்டி, கிளை கிளையாக ஏறி விடை காணும் வேலையை ஓர் உண்மையான மொழிக்குள் பார்க்க விரும்புகிறவர் அதைத் திறந்து வாசிக்கலாம்.

இவாலை ஒரேயடியாக விலக்க வேண்டியதில்லை. பைதானின் ஊடாடு திரையில் ஒரு வரியைத் தட்டி விடையைப் பார்ப்பது, ஜூபிட்டர் ஏட்டில் ஒரு கட்டத்தை ஓட்டுவது, பிழை தேடும்போது நிரலை நடுவில் நிறுத்தி ஒரு மாறியின் மதிப்பைக் கேட்பது, எல்லாம் ஓடும்போதே கோவையை மதிப்பிடும் இதே வேலைதான். அங்கே எழுதுகிறவரும் கணினியின் சொந்தக்காரரும் ஒருவரே. நிரலாளர் தம் அணிக்குள் எழுதி, வேறு யாரும் தொட முடியாமல் வைத்திருக்கும் அமைப்புக் கோப்புகளிலும் சிலர் இவாலை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். அங்கும் லிட்டரல்-இவால் போதுமானால் அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வேகம் பற்றி ஒரு சொல். இவாலுக்குச் சரமாகக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் வெட்டுவதும் மரம் கட்டுவதும் புதிதாக நடக்கும். ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு ஒரே விலைக் கணக்கு என்றால் மரத்தை ஒருமுறை கட்டி வைத்துக்கொண்டு, “கொள்முதல்” என்ற பெயருக்கான மதிப்பை மட்டும் மாற்றி மாற்றி ஏற வேண்டும். நாமே எழுதிய மதிப்பிடுவானிலும் இதைச் செய்யலாம்: கணக்குச் சரத்தைத் திறவுகோலாகவும் மரத்தை மதிப்பாகவும் வைத்து ஓர் அகராதி, பழைய சரம் திரும்ப வந்தால் பழைய மரம்.